மூன்றாவது வரிசைக் கோழிகள்

கோழி நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று கோபப்பட்ட மனுஷி இந்த உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வீட்டில் இவளுக்கு மூக்கி என்று பெயர். எதை எடுத்தாலும் முகர்ந்து பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள் என்பதால் சின்ன வயதில் அக்கா வைத்த பெயர். படித்து முடித்து, தீவன ஆலையில் எந்தக் கோழிக்கு எந்தச் சத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கலவை சொல்கிற வேலைக்கு வந்த பிறகு ஊரெல்லாம் மேடம் என்கிறது. அக்காவுக்கு மட்டும் இன்னும் மூக்கிதான்.

கோழிகளை எடை போடுவதற்கு முந்தின நாள் அக்காவின் ஷெட்டுக்கு வந்தவள், மூன்றாவது வரிசை வலைத் தடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கோழிகள் கொழுகொழுவென்று, முதுகு நிறைய இறகோடு, மரத்தூளைச் சீய்த்துக்கொண்டு திரிந்தன.

"என்னடி அப்படி முறைக்கிற? கோழி உன்னை என்ன பண்ணுச்சு?" என்றாள் அக்கா.

"இதுங்க ஏன்க்கா இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு? நல்லாத்தானே இருக்கு."

"அதத்தான் கேக்கறேன். ஏன் நல்லா இருக்கு?"

அக்கா சிரித்தாள். "உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு. போய்த் தண்ணியைக் குடி" என்றாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மூக்கி அதைக் கவனிக்காமல் இல்லை.

விஷயம் இதுதான். மக்காச்சோளமும் சோயாவும் போட்டு அரைக்கிற தீவனத்தில் மெத்தியோனின் என்கிற சத்து பத்தாது. பத்தாவிட்டால் கோழி வளராது, இறகு முளைக்காது, ஒன்றையொன்று கொத்திக் கிழித்துக்கொள்ளும். அதனால் ஆலையில் மெத்தியோனினைத் தனியாக வாங்கிக் கலப்பார்கள். இத்தனை வருஷமும் கலந்தது வெள்ளைப் பொடி. இப்போது அதற்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் விற்பனைக்கு வந்திருந்தது. மூக்கி ஒன்றும் திரவத்துக்கு எதிரி இல்லை. கோழியின் உடம்புக்குள் போய் மெத்தியோனினாக மாறுகிற நல்ல சரக்குதான் அதுவும். ஆனால் அதில் தண்ணீரும் கலந்திருக்கிறது. ஒரு கிலோ பொடி பார்க்கிற வேலையை எத்தனை கிலோ திரவம் பார்க்கும் என்பதுதான் கேள்வி. விற்க வந்தவனோ, கிலோவுக்குக் கிலோ சரியாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள் என்றான். கண்ணை மூடிக்கொள்வதற்கா இவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அதனால்தான் அக்காவின் ஷெட்டில் மூன்று வரிசை. முதல் வரிசைக்குப் பொடி. இரண்டாவதற்கு அதே எடை திரவம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டையும் தேவைக்குக் கொஞ்சம் குறைவாகவே போடச் சொல்லியிருந்தாள். மூன்றாவதற்கு இரண்டுமே கிடையாது. மூன்றாவது வரிசை வாடினால்தான் தீவனத்தில் குறை இருந்தது உறுதியாகும். அந்தக் குறையை யார் எவ்வளவு நிரப்பினார்கள் என்று அப்போதுதான் சொல்ல முடியும். வயிறு முட்டச் சாப்பிட்டவன் முன்னால் இரண்டு தட்டுச் சோற்றை வைத்து, எது உன் பசியை ஆற்றியது என்று கேட்டால் அவன் என்னத்தைச் சொல்வான்?

மூக்கி குனிந்து தீவனத் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"அக்கா, இதுல மீன் தூள் இருக்கு."

அக்கா கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மீன் தூளில் மெத்தியோனின் தாராளமாக உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் தட்டில் வேறு எதுவும் விழக்கூடாது என்பது தெரியும்.

"ஆரம்பத்துலயே மூணாவது வரிசை நோஞ்சானாப் போச்சுடி. முதுகுல இறகே வரல. ஒண்ணை ஒண்ணு கொத்தி ரத்தம் வேற. எனக்குச் சோறு இறங்கல. உன் கொழுந்தன் வந்து பார்த்தாரு. பாவம்க்கா, கொஞ்சம் மீன் தூள் தூவுங்க, மூணு வரிசைக்கும் ஒரே மாதிரி தூவிட்டா ஓரவஞ்சனை ஆகாதுன்னாரு. மூட்டையையும் அவரே கொண்டாந்து இறக்கினாரு. உங்கிட்டச் சொன்னா திட்டுவியோன்னு..."

ஓரவஞ்சனை ஆகாதாம்! அடப்பாவி! மூன்று வரிசையும் வயிறு நிறைந்த பிறகு பொடியாவது, திரவமாவது? எல்லாம் சமம் என்றுதான் தராசு சொல்லும். அதுதானே அவனுக்கு வேண்டும்? ஏனென்றால் அந்தத் திரவத்தை விற்க வந்தவனே மூக்கியின் கொழுந்தன்தான். அவள் புருஷனோடு கூடப் பிறந்த தம்பி. அக்காவின் இளகின மனசைப் பார்த்து, சரியாக அங்கே கையை விட்டிருக்கிறான். மூக்கிக்கு வயிறு எரிந்தது.

எரிந்து என்ன செய்ய? குஞ்சும் தீவனமும் ஆலை கொடுப்பது, வளர்த்துக் கொடுப்பது மட்டும்தான் அக்கா மாதிரி ஆட்களின் வேலை. தட்டில் வெளிச் சாமான் போட்டவர்களுக்கு அதற்குப் பிறகு குஞ்சு இறக்குவதில்லை என்பது ஆலையின் கண்டிப்பான சட்டம். உண்மையைச் சொன்னால் அக்காவின் ஷெட் காலி. மாமாவுக்கு இடுப்பு விழுந்ததிலிருந்து அந்த ஷெட்டை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. சொல்லாவிட்டாலோ, இந்த எடையை நம்பி ஆலை கிலோவுக்குக் கிலோ மாற்றிவிடும். சத்துக் குறைந்த தீவனம் எல்லா ஷெட்டுக்கும் போகும். கோழிகள் இறகில்லாமல் நிற்கும். பராமரிப்பு சரியில்லை என்று வளர்க்கிறவர்களின் தலையில் பழி விழும். அதிலும் அக்காவின் தலை இருக்கிறது.

சாயங்காலம் கொழுந்தன் வழக்கம்போல வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கையைக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தான்.

"மீன் தூள் மூட்டையை அக்கா ஷெட்டுல இறக்கினது யாரு தம்பி?" என்றாள் மூக்கி.

அவன் முகம் சுருங்கவே இல்லை. "இறக்கினது யாரா இருந்தா என்ன அண்ணி? தட்டுல போட்டது யாருன்னு பாருங்க. முதலாளி காதுல விழுந்தா அப்புறம் அந்த ஷெட்டுல குஞ்சுச் சத்தமே கேக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு முதல் ரெண்டு வரிசையை மட்டும் எடை போடுவோம். ரெண்டும் சமம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யமாட்டீங்களா?"

"அவன் சொல்றதும் ஒரு வகையில..." என்று இழுத்த புருஷன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தனை மூக்கி நீங்க என்றுதான் சொல்வாள். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"பாவம்னு துடிச்சவளைப் பிடிச்சு உன் வியாபாரத்துக்கு வேலை வாங்கியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா? போட்டதைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பு."

அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். அண்ணியால் வாயைத் திறக்க முடியாது என்ற தைரியம்தான்.

மறுநாள் காலையில் ஆலை முதலாளி ஷெட்டுக்கு வந்தார். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே, தான் எழுந்தால் ஃபேனை அணைத்துவிட்டுப் போகிற ஆள் அவர். தொங்கு தராசில் முதல் வரிசைக் கோழிகளைப் போட்டார்கள். பிறகு இரண்டாவது வரிசை. முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

"பார்த்தீங்களா சார்? நான் என்ன சொன்னேன்? கிலோவுக்குக் கிலோ!" என்று கொழுந்தன் குதித்தான்.

"மூணாவது வரிசையையும் போடுங்க" என்றாள் மூக்கி.

"அது ஒப்புக்குச் சப்பாணி சார். அதுக்கு எதுக்கு நேரத்தை வீணடிக்கணும்?"

"தீனி போட்டது நான்தானே? எடையும் போடுங்க" என்றார் முதலாளி.

தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் நின்ற அக்கா தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு இறங்கியது. மூன்றாவது வரிசையும் அதே எடை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே போடாததும் இதே எடையா? அப்போ பொடியும் வேண்டாம், திரவமும் வேண்டாம்! இத்தனை வருஷமா எதுக்கு அந்தக் கருமத்தை வாங்கிக் கொட்டினோம்? என்ன மேடம்?"

"தராசு அப்படித்தான் சொல்லுது சார்" என்றாள் மூக்கி. முதலாளியின் சிக்கனம் அவளுக்கு அத்துப்படி. இந்த வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

கொழுந்தனுக்கு வேர்த்துவிட்டது. "சார், சார், அவசரப்படாதீங்க! மெத்தியோனின் இல்லாம எப்படி சார் வளரும்? மீன் தூள் போட்டா எந்தக் கோழிதான் வளராது..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோஜனம்?

"மீன் தூளா?" முதலாளி மெதுவாகத் திரும்பினார். "இந்த ஷெட்டுக்கு நான் மீன் தூளே அனுப்பலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதான் சார் போட்டாங்க!" என்று அக்காவைக் கை காட்டினான்.

அக்கா முன்னால் வந்தாள். "ஆமாங்க, நான்தான் போட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன். உசிரு துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியல, போட்டேன். ஆனா மூட்டை இவரு வண்டியிலதான் வந்துச்சு. வேணும்னா நான் இப்பவே ஷெட்டைக் காலி பண்றேன். இந்த ஆள் மட்டும் யோக்கியன் மாதிரி நிக்கக் கூடாது."

"சட்டப்படி நிறுத்தத்தான் வேணும்" என்றார் முதலாளி.

மூக்கிக்கு அதற்கு மேல் அடங்கவில்லை. "நிறுத்துங்க சார். ஆனா நேத்து ரெண்டும் சமம்னு சொல்லச் சொன்னப்பவே நான் தலையாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? எல்லா ஷெட்டுலயும் கோழி இறகில்லாம நின்னிருக்கும். அப்ப யாரைத் திட்டியிருப்பீங்க? வளர்க்கிறவங்களைத்தானே? என்னைக்காவது தீவனத்தைத் திட்டியிருக்கீங்களா நீங்க?"

முதலாளி ஷெட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அவர் ரொம்ப நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அந்த ஷெட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்பது அவர் கண்ணில் பட்டிருந்தது, அவ்வளவுதான். கொழுந்தனைப் பார்த்து, "போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போங்க" என்றார். அக்காவிடம், "மறுபடியும் மூணு வரிசை வைங்க. இந்தத் தடவை தட்டுல ஒரு துரும்பு விழுந்தாலும் அதோட சரி" என்றார்.

புதுக் குஞ்சு வந்து இறங்கியது. கொழுந்தன் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டான். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கி அதற்கெல்லாம் அசரவில்லை. இந்த முறை வரிசைகள் பொய் சொல்லவில்லை. பொடி முன்னால் போனது. திரவம் கொஞ்சம் பின்தங்கியது. இன்னும் கூடுதலாக ஊற்றினால் அதுவும் எட்டிப் பிடிக்கும், எவ்வளவு கூடுதல் என்று இனி கணக்குப் போட்டுவிடலாம். மூன்றாவது வரிசை மட்டும் முதுகில் இறகில்லாமல், சிவந்த தோலோடு, தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இதைப் பார்த்துக்கிட்டு எப்படிடி உன்னால நிக்க முடியுது?" என்று அக்கா சீறினாள். "கொத்திக் கொத்தி, பாரு, ரத்தம்! இதுங்க என்னடி பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. இதுங்க வாடலைன்னா எல்லா ஷெட்டும் வாடும்."

"தெரியுது. நீ பத்துத் தடவை சொல்லிட்ட, எனக்குப் புரியுது. புரிஞ்சும் வயிறு எரியுதே, அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

மூக்கி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் எரியத்தான் செய்தது. தட்டில் தீவனம் நிறைய இருந்தது. பக்கத்து வரிசைகள் சத்தம் போட்டுத் தின்றுகொண்டிருந்தன.

அக்கா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துத் தங்கையின் கையில் திணித்தாள்.

"எடை போடுற வரைக்கும் நீயே வெச்சிரு. காலையும் சாயங்காலமும் நீயே வந்து திற, தீனி வைக்கும்போது பக்கத்துலயே நில்லு. எங்கிட்ட இருந்தா நான் கண்டிப்பா எதையாவது போட்டுடுவேன்."