ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம்

அந்த ஐந்து லிட்டர் கேனை சூர்யநாராயணன் சாருக்கு விற்றது நான்தான். தெரியாமல் விற்கவில்லை. தெரிந்தே, கோபத்தில் விற்றேன்.

என் பெயர் சத்யபிரியா. இரும்புலியூர் சர்வீஸ் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக என்ஜின் ஆயில் கடை வைத்திருக்கிறேன். பைக், லாரி, ஜெனரேட்டர், ஜேசிபி எதுவானாலும் சரி, எதற்கு எந்த ஆயில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் கடைக்கு வருகிற ஆம்பளைகளில் பாதிப் பேர் "அண்ணன் இல்லையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "அண்ணன்னு யாரும் கிடையாது, நான்தான் எல்லாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி லேக் வியூ அவென்யூ என்று ஒரு குடியிருப்பு. ஏரியில் பாதியை மனை போட்டு விற்றுவிட்டு அதற்கு லேக் வியூ என்று பெயரும் வைத்தால், ஏரி ஒருநாள் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்கத்தானே செய்யும்? இரண்டு தடவை வந்துவிட்டது. அதற்கப்புறம் குடியிருப்போர் சங்கத்தார் கோவளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்து, டிரெய்லரில் ஏற்றி பார்க் ஓரமாக நிறுத்தினார்கள். அதில் இருந்தது இருபது வருஷப் பழைய டீசல் என்ஜின், காற்றுப் பட்டுத்தான் சூடு தணிய வேண்டும். ஓட்டுவதற்கு பென்னியைப் பிடித்தார்கள். கோவளத்தில் படகிலேயே வளர்ந்தவன், இரும்புலியூரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறான்.

சங்கத்துச் செயலாளர் சூர்யநாராயணன் சார். ரிட்டயர்டு என்ஜினீயர். நல்ல மனுஷன்தான், ஊருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் அடுத்தவர் சொல்வது அவர் காதில் ஏறாது. படகுக்கு ஆயில் வாங்க பென்னியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"அக்கா, பழைய என்ஜின்க்கா இது. ஃபார்ட்டி ஆயில் குடு, கெட்டியா கீறது" என்றான் பென்னி.

சரியாகத்தான் கேட்டான். பழைய என்ஜினுக்குள் தேய்ந்து தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். நம் ஊர் வெயிலில் சூடேறினால் மெல்லிசு ஆயில் ரசம் மாதிரி ஆகிவிடும். கெட்டி ஆயில்தான் உள்ளே நின்று காக்கும்.

சூர்யநாராயணன் சார் அவனைக் கையமர்த்தினார். "அதெல்லாம் அந்தக் காலம்ப்பா. என் காருக்கு ஃபுல் சிந்தெடிக் போடறேன். ஃபைவ் டபிள்யூ தர்ட்டி. அதான் பெஸ்ட். உயிரைக் காப்பாத்தற போட்டுக்கு பெஸ்டாத்தான் போடணும்."

"சார், அது மெல்லிசு ஆயில், புது காருக்கு சார். இதுக்கு செட் ஆகாது" என்றேன்.

"நீங்க பில்லை மட்டும் போடுங்கம்மா. டெக்னிக்கலா நான் பாத்துக்கறேன்."

சுர்ரென்று ஏறியது எனக்கு. பன்னிரண்டு வருஷம் கையெல்லாம் ஆயிலாக நின்றவளுக்கு பில் போட மட்டும்தான் தெரியுமா? எக்கேடு கெட்டும் போங்கள் என்று அலமாரியில் இருந்த தங்க நிறக் கேனை எடுத்து டொக்கென்று வைத்தேன். இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பென்னி என்னைப் பார்த்தான். நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு லேக் வியூவில் வெள்ளோட்டம் நடந்தது. வெள்ளோட்டம் என்றால் தண்ணீரில் இல்லை. டிரெய்லரில் நிற்கிற படகின் மேல் பென்னி ஏறி, என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவான். வாக்கிங் வந்தவர்கள் கைதட்டுவார்கள். சூர்யநாராயணன் சார் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "முதல் தடவையே ஸ்டார்ட்! அதான் ஆயில்!" என்பார். மெல்லிசு ஆயிலில் எந்த என்ஜினும் சட்டென்றுதான் ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிஷத்தில் என்ஜின் சூடாகக்கூட ஆரம்பிக்காது. கரையில் வாழ்கிறவர்கள் படகு வாங்கினால் இப்படித்தான் சோதிப்பார்கள்.

டிசம்பரில் ஏரி மூன்றாம் தடவை வந்தது. விடிவதற்குள் முதல் தெருவில் இடுப்பளவு, மூன்றாம் தெருவில் கழுத்தளவு. பென்னி காலையிலிருந்து ஆறு நடை ஓட்டினான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஏழாவது நடையில் மூன்றாம் தெரு ரத்தினபாய் டீச்சரை ஏற்றினார்கள். டீச்சருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முந்தின நாளே தவறிவிட்டது, முகம் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சூர்யநாராயணன் சார்தான் அவரைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்.

ஏரித் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டி இழுத்துக்கொண்டு போகிற இடத்தில், நட்டநடுவில், என்ஜின் கிரீச்சென்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. படகு திரும்பி இழுவையோடு போக ஆரம்பித்தது. பென்னி தண்ணீரில் குதித்தான். அவன் இடுப்பில் ஒரு நைலான் கயிறு, அதன் மறுமுனை படகின் மூக்கில். நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு தெரு தூரம் இழுத்தே கொண்டுவந்து ஜிஎஸ்டி ரோட்டில் சேர்த்தான். தண்ணீருக்கடியில் கிடந்த ஏதோ வீட்டு கேட் கம்பி அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. டீச்சர் பிழைத்தார்.

இதற்கு அவனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காலையில் முதல் நடை கிளம்பும்போதே யாரோ எடுத்த போட்டோ ஒன்று சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதில் பென்னி இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். என்ஜின் நிற்கப்போவது இவனுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? எதையோ உடைத்துவிட்டு மறைத்திருக்கிறான் என்று ஒருவர் எழுத, அதற்கு இருபது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

ஜனவரியில் கூட்டம் போட்டார்கள். ஆயில் கடைக்காரி என்று என்னையும் கூப்பிட்டார்கள். பென்னி காலில் கட்டோடு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான்.

"கயிறு ஏன்ப்பா முன்னாடியே கட்டின?" என்று கேட்டார் சூர்யநாராயணன் சார்.

"சும்மா சார். சேஃப்டிக்கு" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆயில்ல ஏதாவது குறை இருக்குமாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரிந்தே ஏன் கொடுத்தாய் என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்தேன். "அது நல்ல ஆயில்தான் சார்" என்றேன். பொய் இல்லை. அந்த ஆயில் நல்ல ஆயில்தான், அந்த என்ஜினுக்குத்தான் ஆகாது. பென்னி ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அன்றோடு படகு வேலை அவனுக்கு இல்லை என்றார்கள். படகை நாசமாக்கியவன் என்ற பெயர் ஸ்கூல் வரைக்கும் போய், வேன் வேலையும் ஆட்டம் கண்டது. நான்கு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் சூர்யநாராயணன் சார் மறுபடி கடைக்கு வந்தார். மெக்கானிக் உமேஷ் என்ஜினைப் பிரித்து, எரிந்துபோன பேரிங்கை மாற்றிப் பூட்டிவிட்டானாம். "அதே ஆயில் ஒரு கேன் குடுங்கம்மா."

"தர மாட்டேன் சார்."

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

"இருக்கு. தர மாட்டேன். அன்னிக்கு நான் தப்பு பண்ணிட்டேன் சார். இந்த ஆயில் அந்த என்ஜின்ல நிக்காதுன்னு தெரியும். நீங்க பில்லை மட்டும் போடுன்னு சொன்னதுல கோவம். குடுத்துட்டேன். கூட்டத்துலயும் வாயை மூடிக்கிட்டேன். பென்னி மேல தப்பே இல்லை."

அவர் முகம் சிவந்தது. "ஒவ்வொரு ஞாயிறும் முதல் தடவையே ஸ்டார்ட் ஆச்சேம்மா?"

"அஞ்சு நிமிஷம் ஓட்டினா எண்ணெய்ச் சட்டிகூட காயாது சார். ஏரியில இறக்கி, மரத்துல கட்டி, மதிய வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க. நிக்காம ஓடுச்சுன்னா கடையை மூடிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

வீம்புக்கு ஒத்துக்கொண்டார். அந்த ஞாயிறு மதியம் படகை ஏரியில் இறக்கி, கரையில் இருந்த பனைமரத்தில் கட்டினோம். உமேஷ் என்ஜினில் ஆயில் பிரஷர் பார்க்கிற மீட்டர் ஒன்றை மாட்டினான். முள் இறங்கினால் ஆயில் தாங்கவில்லை என்று அர்த்தம். முதலில் தங்கக் கேன் ஆயில். முறுக்கிவிட்டதும் படகு கயிற்றை இழுத்துக்கொண்டு உறுமியது. பத்து நிமிஷம் முள் அசையவில்லை. சூர்யநாராயணன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபதாவது நிமிஷம் முள் இறங்க ஆரம்பித்தது. நாற்பதாவது நிமிஷம் பூஜ்யத்துக்கு ஒரு கோடு மேலே நின்றது. உமேஷ் பாய்ந்து நிறுத்தினான். "இன்னும் கொஞ்சம் ஓட்டினா இந்த பேரிங்கும் போயிடும் சார்."

ஆற வைத்து, வடித்து, ஃபார்ட்டி ஆயில் ஊற்றினோம். மூன்றாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது, இருமிக்கொண்டே. ஆனால் ஒரு மணி நேரம் ஓடியும் முள் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

சூர்யநாராயணன் சார் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "டீச்சரை நான்தாம்மா அதுல தூக்கி உக்கார வெச்சேன்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. காருக்கு அவர் எதை நல்லது என்று நம்பினாரோ அதைத்தான் படகுக்கும் ஊற்றினார். அந்த மனுஷன் கெடுதல் நினைக்கவில்லை. நான்தான் தெரிந்தவள்.

அப்படியே இரண்டு பேரும் பென்னி வீட்டுக்குப் போனோம். அவன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். கெண்டைக்காலில் தழும்பு நீளமாகத் தெரிந்தது. சூர்யநாராயணன் சார் நின்றபடியே போனை எடுத்து, "என்ஜின் நின்றது என் தவறு. பென்னி மீது எந்தத் தவறும் இல்லை" என்று குரூப்பில் எழுதி, அவனிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். படகுச் சாவியை நீட்டினார்.

பென்னி ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். "இன்னா ஆயில் ஊத்திகீறீங்க?"

"ஃபார்ட்டி" என்றேன். "பென்னி, அன்னிக்கு அந்த என்ஜின் நின்னுடும்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா. அந்த ஆயில ஊத்துனதே நாந்தானே. எப்ப நிக்கும்னுதான் தெரில."

"அப்புறம் ஏன்டா எடுத்த?"

"வேற போட் இன்னாக்கா கீது? ஜனங்க கழுத்தளவு தண்ணில கீறாங்க, டீச்சரம்மா வேற மூச்சுக்குத் தவிச்சினு கீறாங்க. அதான் மொத நடைலேர்ந்தே கயிற கட்டிகினு போனேன். என்ஜின் நின்னா நான் இஸ்துக்கலாம்னு."

"இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமேப்பா!" என்றார் சூர்யநாராயணன் சார்.

"எப்டி சார் சொல்றது? நிக்கப்போற என்ஜின்னு தெரிஞ்சே எங்கம்மாவ ஏத்துனியான்னு டீச்சரம்மா புள்ள கேட்டா, நான் இன்னா சொல்லுவேன்?"

வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்க்கா" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன்.