மேடை ஏறிய குருவி

மருமகள் மடித்து வைத்திருந்த உடைகளை மாமியார் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் போட்டார். காலியான இடத்தில் மகனுடைய சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

"மாநாட்டுக்கு அவன் போறான். நீ போக வேண்டாம்."

"அவங்க கூப்பிட்டது என்னை, அத்தை."

"உன்னைக் கூப்பிட்டா என்ன, அவனைக் கூப்பிட்டா என்ன? ரெண்டும் ஒரே வீடுதானே?"

ஒரே வீடுதான். ஆனால் பாத்திரம் தேய்க்க ஆள் வராத நாளில் அந்த அம்மாள் இந்தச் சமத்துவத்தை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பு மருமகள் ஒரு சின்ன மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள். இரவு ஷிஃப்ட் யாருக்கு என்று நர்ஸுகள் மாதாமாதம் சண்டை போடுவதைப் பார்த்து, ஓரவஞ்சனை இல்லாமல் ஷிஃப்ட் பிரித்துத் தரும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். கல்யாணம் வேலையை விட வைத்தது. மென்பொருளை அவள் விடவில்லை. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். அனுப்பும் திருத்தத்தை அவள் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே சேரும். இன்று எத்தனையோ நாட்டு மருத்துவமனைகளில் அது ஓடுகிறது. உலகம் முழுக்க உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவள் 'குருவி'. அந்தப் புனைபெயரைத் தவிர அவளுடைய முகத்தையோ குரலையோ ஒருவரும் அறியார்.

வீட்டில் அதற்குப் பெயர் 'ஓசி வேலை'. அவள் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தால் மாமனார் ஃபேனை அணைத்துவிட்டுப் போவார். தொழில்நுட்ப மாநாட்டில் வந்து பேசும்படி குருவிக்கு அழைப்பு வந்த அன்றுதான் ஓசி வேலை திடீரென்று குடும்ப கௌரவம் ஆயிற்று. கௌரவம் என்று ஆகிவிட்டால் அதைச் சுமக்க ஆண்பிள்ளைதான் வேண்டும். பாத்திரம் என்றால் பெண்பிள்ளை போதும்.

முதலில், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்றார்கள். அம்மாவை வரச் சொல்லியிருப்பதாக அவள் சொன்னாள். அப்புறம், அத்தனை ஆம்பிளைகள் நடுவில் என்ன பேச்சு என்றார்கள். அதற்கும் அவள் மசியாதபோது கணவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கம்பெனியில் விற்பனை மேலாளர். அந்த மென்பொருளில் ஒரு வரிகூட எழுதாதவர்.

"குருவி ஆம்பளையா பொம்பளையான்னு யாருக்குத் தெரியும்? நான் போய் நாந்தான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எனக்கும் ஆபீஸ்ல ஒரு மதிப்பு வரும். நமக்குள்ள என்ன?"

"உங்க மூஞ்சிதான் குருவின்னு ஒருதடவை பதிஞ்சிடுச்சுன்னா, அப்புறம் நான் வாய் திறக்க முடியுமா? நானே வந்து சொன்னாலும் யார் நம்புவாங்க?"

"அதான் நான் இருக்கேனே," என்றார், பெரிய தியாகம் செய்கிறவர்போல.

பேசக் குறிப்புகளைக் கேட்டார். கொடுத்தாள். வருகிறவர்கள் ஏமாந்து போகக் கூடாதே என்றுதான் கொடுத்தாள்.

மாநாட்டு நாளன்று நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் டிவிமுன் கூடிவிட்டார்கள். நேரடி ஒளிபரப்பு. மருமகள் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, பின்னால் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

"நண்பர்களே, குருவி நான்தான்!" என்றார் திரையில் கணவர். அரங்கம் கைதட்டியது. இங்கே நாத்தனாரும் தட்டினாள். "எங்கண்ணனுக்கு கோட்டு என்னமா பொருந்துது பாருங்க!"

நன்றாகத்தான் பேசினார். விற்றுப் பழகிய வாய். தொடர்ந்து இரவு ஷிஃப்ட் பார்த்த நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியதைப் பார்த்து, அன்றைக்குத் தான் அழுததாகவும், அந்த அழுகையில்தான் இந்த மென்பொருள் பிறந்ததாகவும் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது மருமகளின் அழுகை. கல்யாணமான புதிதில் அவரிடம் சொன்னாள். அப்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்துதான் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மென்பொருளைத் தன்னுடையது என்று அவர் எடுத்துக்கொண்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மாநாட்டை நடத்துகிற அம்மாள் மைக்கை வாங்கினார். "இங்க வந்திருக்கிற நர்ஸுங்களும் மாணவர்களும் காலையிலேருந்து திருத்தம் எழுதி அனுப்பியிருக்காங்க. குருவி சார் இப்ப நம்ம கண்ணு முன்னாடியே அதையெல்லாம் பாத்து சேர்க்கப் போறார். சார், உங்க கணக்கைத் திறங்க."

பெரிய திரையில் மென்பொருளின் பக்கம் விரிந்தது. அவர் எதையோ தட்டினார். 'தவறு' என்று வந்தது. தன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் தவறு. மனைவியின் பாஸ்வேர்டு தன் பிறந்தநாளாகத்தான் இருக்கும் என்று இவ்வளவு நாளும் நம்பியிருக்கிறார், பாவம். அசடு வழிந்தபடி மேடை ஓரத்துக்கு ஒதுங்கினார். சாப்பாட்டு மேஜையில் போன் அடித்தது.

"ஏய், பாஸ்வேர்டு என்ன? சீக்கிரம்! எல்லாரும் பாத்துட்டிருக்காங்க!"

"யாரோட பாஸ்வேர்டு?"

"குருவியோடதுதான்!"

"குருவி நீங்கதானே? இப்பதானே டிவியில சொன்னீங்க."

"விளையாடாத! நமக்குள்ள என்ன?"

"சொல்லித் தொலையேன்டி! அவன் மானம் போகுது!" என்று மாமியார் எழுந்து வந்தார்.

"சொல்ல மாட்டேன், அத்தை."

போனை வைத்தாள். வந்திருந்த திருத்தங்களில் முதலாவதைத் திறந்து பொறுமையாகப் படித்தாள். சரியாக இருந்தது. ஏற்றுக்கொண்டாள்.

டிவிக்குள் இருந்த பெரிய திரையில் எழுத்து ஓடியது: 'குருவி ஏற்றுக்கொண்டார்.' அதன்கீழே ஒரு குறிப்பு: 'நல்ல திருத்தம். கர்ப்பிணிகளுக்கு இரவு ஷிஃப்ட் விழாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. இப்படிக்கு, குருவி, வீட்டிலிருந்து.'

அரங்கத்தில் சலசலப்பு. மேடை ஓரத்தில் நின்றவரின் கையில் அணைந்த போன் மட்டும் இருந்தது. இரண்டாவது திருத்தமும் ஏறியது. அதை எழுதிய பெண் துள்ளி எழுந்து தோழியைக் கட்டிக்கொண்டாள். மேடையில் நிற்கிறவரை இப்போது ஒருவரும் பார்க்கவில்லை.

நடத்துகிற அம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்தார். "குருவி வீட்டுல இருக்காங்களாமே, சார். அப்ப நீங்க யாரு?"

மைக் அவர் வாயருகே நீண்டது. விற்பனை மேலாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்... அவங்க வீட்டுக்காரர்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளைய இந்த நிலைக்குக் கொண்டாந்துட்டியேடி! ஒரு ஆம்பள நாலு பேர் முன்னாடி நின்னு சொல்ற பேச்சா இது? இதைவிட ஒரு மானக்கேடு உண்டா?"

"கல்யாணமான நாள்லேருந்து நான் போற எடமெல்லாம் 'அவர் பொண்டாட்டி'ன்னுதான் சொல்லிட்டிருக்கேன், அத்தை," என்றாள் மருமகள். "அது மானக்கேடுன்னு நீங்க ஒருநாளும் சொல்லலையே?"

மூன்றாவது திருத்தத்தில் ஒரு பிழை இருந்தது. எப்படிச் சரிசெய்வது என்று எழுத ஆரம்பித்தாள்.