துரைசாணிக்கு முதல் பந்தி

பெரியக்கா கையால் புடவை கட்டிக்கொண்ட யாரும் அன்றைக்கு முழுசாக மூச்சு விட்டதாகச் சரித்திரம் கிடையாது. தையற்கடைக்காரி. துணி நழுவினால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாணப் பெண் அவளுடைய சொந்தத் தம்பி மகள். அந்தப் பெண்ணையே அலங்காரக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மண்டபத்து மாடி அறையில் துரைசாணிக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். தோளில் குத்தி, இடுப்பில் குத்தி, மடிப்புக்கு மடிப்பு குத்தி, இனி இந்தப் பெண் புடவையோடு மரம் ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று ஆன பிறகுதான் கையை எடுத்தாள்.

துரைசாணி கடல் தாண்டி வந்தவள். தெருக்கோடி இலவச சிகிச்சை நிலையத்தில், கை கால் விழுந்தவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறவள். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் கடைசியில் துரைசாணி என்பதில் வந்து நின்றார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்துப் பேசக் கற்றவள் ஆகையால், தண்ணீர் கேட்டால்கூடச் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். அதற்காகவே குடும்பத்துப் பெண்கள் அவளிடம் வேண்டாத கேள்வியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது தம்பியால். தம்பி பஸ் டிரைவர். போன வருஷம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தான். இடது கையும் இடது காலும் போய்விட்டன. கதவை இடித்துத் திறந்து அவனை அள்ளி எடுத்தவள் பெரியக்காதான். பிழைத்தானே என்று அவள் கும்பிடாத சாமி இல்லை. அன்றிலிருந்து அவனை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். அவன் கையை நீட்டுவதற்குள் தண்ணீர் வந்து நிற்கும். செருப்பை அவளே மாட்டிவிடுவாள். அவன் மனைவிக்குக்கூட அவனிடம் நெருங்க முறை வைத்து விடவேண்டியிருந்தது.

துரைசாணி நேர் எதிர். சாயங்காலம் வருவாள். அவனை நாற்காலி விளிம்புக்கு நகரச் சொல்வாள். கால்களைப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, அப்படியே எழுந்திருக்கச் சொல்வாள். சொல்லிவிட்டு அவனுடைய இடது பக்கத்தில் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் தள்ளாடுவான், வியர்த்துக் கொட்டும், மறுபடியும் தொப்பென்று உட்காருவான். அவள் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பாள். பெரியக்காவுக்கு வயிற்றெரிச்சல் தாங்காது. உனக்கெல்லாம் மனசு என்று ஒன்று இருக்கிறதா, ஒரு கை கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய் என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"நான் பிடித்தால் அவர் நிற்பதை நிறுத்திவிடுவார்" என்றாள் துரைசாணி.

பதில் பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை. யாருடைய பதிலும் அவளுக்குப் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணம் கூடி வந்ததும் தம்பி ஆசையைச் சொன்னான். அந்தக் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவன் நின்றுகொண்டுதான் மகளின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தபடி கொடுத்தால் வேண்டாவெறுப்பாகக் கொடுத்ததாகிவிடும். முடியாதவர்களுக்குப் பதிலாகப் பங்காளிகளில் ஒருவர் நின்று கொடுப்பதும் உண்டு. தம்பிக்கு அது வேண்டாம். வலப்பக்கம் பெண்டாட்டி நிற்கட்டும், இடப்பக்கம் துரைசாணி நிற்கட்டும், நானே எழுந்து கொடுக்கிறேன் என்றான். பெரியக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அத்தனை பேர் முன்னால் அவன் விழுந்தால் என்ன ஆவது? எலும்பு முறிந்தால் கட்டுப்போடலாம். முகம் விழுந்துபோனால் எதைப் போடுவது? சின்னத்தம்பி நின்று கொடுப்பான், நீ பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார் என்று முடித்துவிட்டாள். டிரைவரும் பேசாமல் இருந்தான். சம்மதித்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி ஊக்கைக் குத்தும்போதுதான் துரைசாணி வாயைத் திறந்தாள்.

"நான் இப்போது உணவு உண்ண மாட்டேன். மேடையில் அண்ணனின் இடப்பக்கம் நிற்க வேண்டும். நேற்றும் அவர் நினைவூட்டினார்."

தம்பி பேசாமல் இருந்தது சம்மதத்தால் இல்லை என்று பெரியக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களை அதட்டி வைப்பாள். விருந்தாளியை அதட்ட முடியுமா? விருந்தாளிக்கு என்ன செய்யலாமோ அதைச் செய்தாள். "அதெப்படிம்மா, எங்க வீட்டுக் கல்யாணத்துல நீ வெறும் வயித்தோட நிக்கறதா? இன்னும் நேரம் இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடு" என்று கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனாள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியே ஒரு ஊர்வலமாகிவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஆளாளுக்குத் துரைசாணியின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, பொண்ணு நல்லா வாட்டசாட்டமா இருக்கா, யார் வீடு என்று விசாரித்தாள். மாப்பிள்ளை பாவம், மாலையும் கழுத்துமாக ஒரு ஓரத்தில் நின்றுகொண்டு, தன்னையும் யாராவது எடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியக்கா அவளை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தாள். பக்கத்து இலையில் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் அவளுடைய மூளை வேலை செய்தது. நிதானம் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தூரத்து உறவு. ஒரு வாய் எடுத்தால் அதை மென்று, விழுங்கி, அந்த வாயைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்த வாய்க்குப் போவார். அவர் உட்கார்ந்த பந்தியில் இலை எடுக்கிறவர்கள் சுவரில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுவார்கள். பெரியக்கா துரைசாணியின் காதருகே குனிந்து, பந்தியில் பெரியவர் எழுந்திருக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்தால் அது அவருக்குப் பெரிய அவமரியாதை என்று பணிவாகச் சொல்லிக் கொடுத்தாள். பொய்யில்லை, உள்ள வழக்கம்தான். பரிமாறுகிற பெண்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். "துரைசாணி வேணாம்னுதான் சொல்வா, கூச்சம். நீங்க விடாதீங்க."

வாசற்படியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். துரைசாணி மூன்றாவது இனிப்பை விழுங்க முடியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள். இலையைக் கை வைத்து மறைத்தால் விரல் இடுக்கில் பரிமாறினார்கள். மாமா இன்னும் முதல் பலகாரத்தையே பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மரியாதையாக ஒரு ஆளைக் கட்டிப்போடலாம் என்று பெரியக்காவுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மேடையில் புகையும் மேளமுமாக இருந்தது. டிரைவரை நாற்காலியோடு மணமக்களுக்குப் பக்கத்தில் ஓரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். புது வேட்டி, புதுச் சட்டை. சட்டை பெரியக்கா தைத்தது. சின்னத்தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். பெண்ணைப் பெற்றவர்கள் வரலாம் என்று புரோகிதர் கூப்பிட்டார். தம்பி மனைவி எழுந்து கணவனின் வலப்பக்கம் போய் நின்றாள்.

டிரைவர் தன் இடப்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலைப் பார்த்தான். அங்கிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. அவன் முகத்தில் ஒரு பயம் வந்ததைப் பெரியக்கா பார்த்தாள். குளியலறைக் கதவை இடித்துத் திறந்த அன்றைக்குப் பார்த்த அதே பயம். அன்றைக்கு அதை விதி வைத்தது. இன்றைக்கு வைத்தவள் தான் என்று அவளுக்கு உறைத்தது.

அவன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தான். பிறகு இடது பாதத்தைப் பின்னால் இழுத்தான். மெதுவாக, விரிப்பில் சுருக்கம் விழ, ஆனால் தானாக. சின்னத்தம்பி பதறிப்போய், "அண்ணே, நீங்க உட்காருங்கண்ணே" என்று அக்குளில் கை கொடுக்க ஓடி வந்தான்.

"தள்ளி நில்லுடா" என்றாள் பெரியக்கா.

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது. விறுவிறுவென்று போய்த் தம்பியின் இடப்பக்கம் நின்றாள். நின்றாளே தவிர, கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாழ்நாளில் அந்தக் கைகள் சும்மா இருந்ததில்லை. பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் குனிந்தான், எழுந்தான், பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. பெரியக்கா அசையவில்லை. அசையாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அவ எங்கக்கா?" என்று தம்பி மூச்சு வாங்கக் கேட்டான்.

"பந்தியில. நான்தான் உட்கார வச்சேன். வேணும்னேதான்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "யாரு பக்கத்துல?"

"நிதானம் மாமா பக்கத்துல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணலான அந்தச் சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின. மகள் கலவரமாகப் பார்த்தாள், புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்து முடித்து, ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, மூக்கு கால் விரலுக்கு நேரே வரக் குனிந்து, டிரைவர் எழுந்து நின்றான். ஒரு நொடி இடப்பக்கமாகச் சாய்ந்தான். பெரியக்காவின் கை பின்னாலிருந்து பிய்த்துக்கொண்டு வரப் பார்த்தது. அவள் விடவில்லை. அவனே நிமிர்ந்தான். வலது கையால் மகளின் கையை எடுத்து, பிசகிப் பிசகி வந்த இடது கையையும் அதன்மேல் வைத்து, மாப்பிள்ளையின் கையில் கொடுத்தான். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில், மாப்பிள்ளை தன் கையை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

தாலி கட்டி, பூ விழுந்து, மேளம் ஓய்ந்தபோது துரைசாணி மூச்சிரைக்க மேடைக்கடியில் வந்து நின்றாள். கழுவாத கை, வாயோரம் இனிப்பு. புடவை மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை. அவள் கண் ஓயாமல் வாசலுக்குப் போவதைப் பார்த்து நிதானம் மாமா விசாரித்திருக்கிறார். அவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மனிதர் பாதிச் சாப்பாட்டில் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்துவிட்டாராம். பந்தி மொத்தமும் பயந்துபோய் எழுந்துவிட்டதாம்.

பெரியக்கா கீழே இறங்கி வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. உன்னை மேடைக்கு வரவிடக்கூடாது என்றுதான் அங்கே உட்கார வைத்தேன் என்று சொன்னாள்.

துரைசாணியின் முகம் காதுவரை சிவந்தது. "நீங்கள் செய்தது தவறு. அவர் என்னை நம்பியிருந்தார்" என்றாள். அந்தக் குடும்பத்தில் பெரியக்காவைப் பார்த்து இப்படிச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாள் மெல்ல நகர்ந்துபோனாள்.

"தப்புதான்" என்றாள் பெரியக்கா.

துரைசாணி மேடையை எட்டிப் பார்த்தாள். பிறகு, அவர் விழுந்தாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் பெரியக்கா. நீங்கள் பிடித்தீர்களா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றாள். கோபம் போகாத முகத்தோடுதான் துரைசாணி தலையை ஆட்டினாள். ஆனால் கண் நிறைந்திருந்தது. அந்தக் கழுவாத கையாலேயே பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சின்னத்தம்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே அலைந்தான். டிரைவர் தூணில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, உட்கார மாட்டேன் என்று எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். பெரியக்கா மறுபடி மேலே ஏறினாள்.

"கால் வலிக்குதாடா?"

"வலிக்குதுக்கா."

"அப்ப உட்காரேன்."

"எந்தக் காலுன்னு கேக்க மாட்டியா?"

பெரியக்காவுக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது. அந்த இடது காலில் ஊசி ஏற்றினாலும் தெரியாது என்றுதான் வருஷம் முழுக்க அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்ற நினைப்புகூட இல்லாமல், அங்கேயே நின்று அழுதாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் எங்காவது ஓரமாகப் போடச் சொல்லிச் சின்னத்தம்பிக்குக் கையைக் காட்டினாள்.