மரியாதைப் பன்மை

கனவில் அவள் அவனை "நீங்க" என்றாள்.

இறந்துபோன மனைவி கனவில் வருவது யாருக்கும் நடக்காத அதிசயம் இல்லை. வந்தவள் சமையலறை மேடையில் சாய்ந்தபடி, "எப்ப வந்தீங்க? கால் கழுவுனீங்களா?" என்று விசாரித்ததுதான் அவனுக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்தியை விசாரிப்பது போல.

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. வாடா போடி என்று பழகியவர்கள். கல்யாணம் ஆனதும் அவன் அம்மாவின் மனம் கோணக் கூடாதென்று அவளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். அம்மாவின் காதுக்கு எட்டும் தூரத்தில் "என்னங்க", "வாங்க", "சாப்பிடுங்க". அறைக்கதவு சாத்தியதும் "டேய்". சில நாள் ஒரே வாக்கியத்துக்குள்ளேயே கட்சி மாறும். "நீங்க இந்தத் துணியை எல்லாம்" என்று ஆரம்பிப்பாள். அதற்குள் அம்மா எழுந்து உள்ளே போயிருப்பாள். "மடிச்சு வெச்சா குறைஞ்சா போயிடுவ, எருமை" என்று முடிப்பாள். அந்த எருமைக்காகவே அவன் துணியை மடிக்காமல் போட்டு வைத்த நாட்கள் உண்டு.

காய்ச்சல் என்று படுத்தாள். காய்ச்சல் ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி அவனுடைய அம்மா, அவளுடைய அப்பா, சித்தப்பாக்கள். அவள் அவனைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னது, "நீங்க போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க." அவன் போனான். சாப்பிட்டான். வந்தபோது திரை போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் அழவில்லை. அழாதவனைப் பார்த்து மற்றவர்கள்தான் அழுதார்கள். அம்மாவை அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவன் வேலைக்குத் திரும்பினான். மனம் பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கடித்தால் ரத்தம் வரும் என்று தெரியும். வலி மட்டும் இல்லை.

அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு "நீ". யாரும் இல்லாத இடத்தில் அவள் பேசுகிற பேச்சில் ஒரு வாக்கியம். சபைக்காகச் சொன்ன வார்த்தையே கடைசி வார்த்தையாக இருந்துவிடக் கூடாது.

கனவு என்று தெரிந்துகொண்டே கனவுக்குள் இருக்க முடியும், பழகினால் நெடுநேரம் தங்கவும் முடியும் என்று கைபேசியில் எதையோ தேடும்போது படித்தான். படித்ததை ஒரு பாடத்திட்டம் போல எடுத்துக்கொண்டான். விழித்திருக்கும்போதே அடிக்கடி சந்தேகப்பட வேண்டும்: இது கனவா? மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். மூச்சு வந்தால் கனவு. இந்தப் பழக்கம் தூக்கத்திலும் தானாக வந்துவிடுமாம். விடிகாலையில் ஒருமுறை எழுந்து, சற்று நடந்து, மறுபடி படுக்க வேண்டும். அப்போது வருவதுதான் நீளமான கனவு. அவனுக்கு வேலை நண்பகலில்தான் என்பதால் இது வசதியாயிற்று.

அவன் வேலை பார்த்தது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அணைக்க வழி இல்லாததால்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றாள் ரேடியோ ஒருநாள்.

"கேளுங்க."

"நான் சென்ட் மாத்தி ரெண்டு வாரம் ஆச்சு. அன்னையிலேர்ந்து நீங்க என்னைத் தாண்டிப் போறப்பல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கறீங்க. அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"அது வேற. மூச்சுப் பயிற்சி."

"அதை என் மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பண்ணுங்க சார். வர்றவங்கல்லாம் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

முதலில் அவனுக்குக் கனவு என்று தெரிந்த கணமே கனவு கிழிந்துபோனது. அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று படித்தான். சந்தோஷத்தில் நெஞ்சு படபடக்கும். படபடத்தால் விழிப்பு வந்துவிடும். அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும். சுவரைத் தொட்டு அதன் சொரசொரப்பைக் கவனிக்க வேண்டும். ஒரே முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. "இது கனவு" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகியும் கைகூடவில்லை என்று புலம்பியிருந்தார்கள். அவனுக்குச் சீக்கிரமே கைவந்தது. படபடக்க அவனிடம் நெஞ்சு இருந்தால்தானே. கையைத் தேய்த்தான், சுவரைத் தடவினான், தரையின் குளிர்ச்சியைக் காலால் அளந்தான். கனவு கெட்டிப்பட்டது. சமையலறை ஜன்னலில் வெயில் நகர்வது வரை தெரிந்தது. அவளுடைய காதோரத்து மச்சம், இடது கைக் கட்டைவிரலில் எப்போதோ பட்ட கத்திக் காயம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"நீங்க" என்பதும் இருந்தது.

"எதுக்கு என்னை நீங்கன்னு சொல்ற?" என்று கேட்டான்.

"என்ன சொல்றீங்க, புரியலையே," என்றாள் அவள்.

"அம்மா இல்ல. அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்படிங்களா." நிலைவாசல் வரை வந்துவிட்ட விருந்தாளியிடம் சிரிப்பது போலச் சிரித்தாள்.

அவளை நம்ப வைக்க, கனவிலேயே வீடு முழுக்கத் தேடினான். அம்மாவின் அறை, குளியலறை, மாடிப்படி, துணி அலமாரியின் உள்பக்கம். எங்கும் யாரும் இல்லை. திரும்பி வந்து, "பார், ஒருத்தரும் இல்ல," என்றான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள். "நீங்க உக்காருங்க," என்றாள்.

விழித்ததும் வீடு அதே மாதிரி இருந்தது, அவள் மட்டும் குறைவாக. அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பாடு."

"உன்கிட்ட பேசறதுக்குச் சுவத்துக்கிட்ட பேசலாம். சுவராவது எதிரொலிக்கும். ஞாயித்துக்கிழமை வாடா, அம்மா தேடறாங்க."

"பாக்கறேன்க்கா."

அவன் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டியிருந்தது. கனவுகள் நீண்டுகொண்டே போயின. அவளோடு கடைக்குப் போனான், மொட்டை மாடியில் நின்றான், பேருந்தில் ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தான். இவ்வளவு திடமான கனவு யாருக்கும் வாய்க்காது. பேருந்தில் அவள், "உங்களுக்கு ஜன்னல் வேணும்னா சொல்லுங்க," என்றாள். உயிரோடிருந்தவள் அவனை இடித்துத் தள்ளிவிட்டு உட்காருகிறவள்.

ஒரு வாரநாள் பிற்பகல். வயதான தம்பதி ஒன்று சோதனைக்கு வந்தது. முகத்தைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே வயது.

"இவருக்கு டிவி கேக்குதுங்க," என்றாள் அந்த அம்மாள். "பக்கத்து வீட்டுல கதவு சாத்தினா கேக்குது. நான் பேசினா மட்டும் கேக்கறதில்ல. அது என்ன வியாதின்னு பாத்துச் சொல்லுங்க."

"அது வியாதி இல்ல தம்பி, வரம்," என்றார் கணவர்.

ஒலி புகாத அறைக்குள் தனியாக உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டுமாம். துணைக்கு அம்மாளும் உள்ளே போனாள். அவருக்கு ஹெட்போன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்து, "சத்தம் ரொம்ப லேசா கேட்டாலும் அழுத்துங்க," என்று சொல்லிவிட்டு, அவன் கனத்த கதவைச் சாத்தினான். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். உள்ளே ஒரு மைக் உண்டு; உள்ளே பேசுவது இவன் காதில் விழும். எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவான். அன்று தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டான். சத்தம் வெளியே போகாத அறை என்றால் யாருக்கும் கேட்காது என்றுதானே உள்ளே இருப்பவர்கள் நினைப்பார்கள்.

மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பினான். அவர் அழுத்தினார். அனுப்பாதபோதும் அழுத்தினார்.

"டேய்," என்றது ஹெட்போனுக்குள் அந்த அம்மாளின் குரல். "ஒழுங்கா அழுத்து. கேக்காததுக்கெல்லாம் அழுத்தி மானத்தை வாங்காத."

ஒலி அனுப்பும் பொத்தான் மேல் அவன் கை நின்றது.

"என்னது?" என்று ஒரு பக்கத்து ஹெட்போனை விலக்கினார் கணவர். "கேட்டுச்சுடி."

"என்ன கேட்டுச்சு? என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து அழுத்தற. பள்ளிக்கூடத்துல என்னைப் பாத்து எழுதின புத்தி உன்னை விட்டு எங்க போகும்?"

"அப்பவும் நீ தப்பாத்தான் எழுதின. அதான் ரெண்டு பேரும் ஃபெயில்."

இவன் மைக்கின் பொத்தானை அழுத்தி, "பேசாம இருந்தீங்கன்னா நல்லாருக்கும். எனக்குக் கேக்குது," என்றான்.

அம்மாள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். முதுகு நிமிர்ந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கணவரிடம் பதமாக, "அதை நல்லா மாட்டிக்குங்க. உங்களுக்கு இறுக்கமா இருந்தா தம்பிகிட்ட சொல்லுங்க," என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் எதுவும் மாறவில்லை. இந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது, அவ்வளவுதான். அந்த நொடியே "நீ" போய் "நீங்க" வந்துவிட்டது.

வீடு முழுக்கத் தேடினானே. அலமாரிக்குள்கூட. கையைத் தேய்த்துக்கொண்டு, "இது கனவு, இது கனவு" என்று முணுமுணுத்தபடி, எங்கே கிழிகிறது என்று தனக்குள்ளேயே காவல் காத்து நிற்கிற ஒருவனை மட்டும் தேடவில்லை. கனவில் வந்தவள் என்ன செய்வாள்? வேற்று மனிதர் இருக்கும்போது எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள். ஒருவேளை அது மரியாதையாகக்கூட இருக்காது. எதிரில் நிற்பது இரண்டு பேர் என்பதால் பன்மையாக இருக்கலாம்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றாள் ரேடியோ. "காதுல கோளாறு அந்தத் தாத்தாவுக்கா, உங்களுக்கா?"

"அவருக்குக் காது கொஞ்சம் குறைவுதான். மெஷின் வெக்கணும்."

"உங்களுக்கு?"

அவன் போய் முகம் கழுவினான்.

காவல்காரனை அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கனவு கலையும், அல்லது கனவென்பதே மறந்துபோகும். மறந்து கண்ட கனவு பெரும்பாலும் காலையில் மிஞ்சாது. அவள் "நீ" என்று சொன்னாலும் அதைக் கொண்டுவர ஆளிருக்காது. சொல்லாமல் இருப்பவளை நாள்தோறும் பார்ப்பதா, சொன்னாளா என்று தெரியாமல் இருப்பதா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு நாள் அவன் விடிகாலையில் எழவே இல்லை. பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று வந்ததே அவனுக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாம் நாள் எழுந்து, நடந்து, திரும்பப் படுத்தான்.

படுக்கையறை. ஜன்னலில் வெயில். அவள் கட்டில்மேல் துவைத்த துணிகளைக் கொட்டி வைத்திருந்தாள். மூக்கைப் பிடித்து மூச்சிழுத்தான். மூச்சு வந்தது.

"வாங்க," என்றாள்.

அவன் உள்ளங்கைகள் தாமாக ஒன்றையொன்று நாடின. பிரித்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டான். உடனே அறையின் மூலைகள் கரைய ஆரம்பித்தன. சுவர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. இது கனவு என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதை முழுங்கினான்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்று அவள் ஒரு போர்வையின் முனையை நீட்டினாள்.

பிடித்தான். ஈரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் இழுத்தாள், அவன் இழுத்தான். முனைகள் ஒத்துவரவில்லை. அவன் பக்கம் நீளமாக இருந்தது. இதை எப்படி மடிப்பது என்பதில் அவன் கவனம் போயிற்று. ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் தொங்கியது. போர்வை கோணலா, பிடித்தது கோணலா? இன்றைக்கு மழை வந்தால் மிச்சத் துணியை எங்கே போடுவது என்று யோசித்தான். மாடிக்கொடியில் இன்னும் அவளுடைய இரண்டு புடவைகள் இருந்தன என்று நினைத்தான்.

அவள் நிமிர்ந்து அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துவிட்டு, எட்டிக் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது.

யாரோ சிரிக்கும் சத்தத்தில் விழித்தான். அவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைக்கிற சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. சிரிப்புக்கு நடுவே அவன் வாய், "போடி" என்று சொன்னது.

அசையாமல் கிடந்தான். அசைந்தால் நினைவு சிதறும் என்று படித்திருந்தான். போர்வை நினைவிருந்தது, கதவு சாத்தியது நினைவிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை. எவ்வளவு துழாவியும் இல்லை.

வயிறு வலித்தது. நெஞ்சு கட்டிலே அதிரும்படி அடித்துக்கொண்டது. என்ன சொல்லி இப்படிச் சிரிக்க வைத்தாள் என்று அவளையே கேட்கலாம் என்று வாய் தவறி, சமையலறைப் பக்கம் பார்த்து, "ஏய்," என்று கூப்பிட்டுவிட்டான்.

கூப்பிட்ட பிறகுதான் அவள் இல்லை என்பது உறைத்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டான். வெளியே பள்ளிக்கூட வண்டி வந்து நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. வேலைக்கு நேரமாகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.