ஊதாவின் மேல் சாம்பல்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, காதில் விழுந்தது. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, "அசையாம உக்காருங்கம்மா" என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் ஃபோனில் பேசினாள்:

"நாளைக்கு அவருக்குக் கட்டுப் பிரிக்கிறாங்கடி. அதுக்குள்ள ஜன்னல் திரைக்குப் பெயின்ட் அடிச்சாகணும். இல்லேன்னா நான் தொலைஞ்சேன்."

திரும்பிப் பார்த்தேன். மருந்து போட்ட கண்ணுக்கு அவள் வெறும் மங்கல். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை நான்தான் கட்டியாக வேண்டும். முகம் மட்டும் கேட்காதீர்கள், கையில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த முகம் எதையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

இளங்காலையின் பொன்னொளி பட்டைத் திரையின் இடுக்குகளில் ஊடுருவி…

(அடித்துவிட்டேன். ஊடுருவி என்ன செய்யப்போகிறது? எனக்கு யாராவது வாயைத் திறந்தால்தான் கதை நகரும்.)

இரண்டாம் முயற்சி:

"ஏண்டி, பார்த்த உடனே இது ஊதான்னு தெரியுதா?"

"கண்ணு இருக்கிறவங்க எல்லாருக்கும் தெரியும்க்கா."

"உங்க அத்தானுக்குத் தெரியலையே."

இது ஓடும். பேசுகிறவர்கள் அக்காவும் தங்கையும். பேச்சு, அக்கா வீட்டு முன்னறை ஜன்னலில் தொங்கும் பட்டைத் திரையைப் பற்றி. பிளைண்ட்ஸ் என்கிறோமே, கோலைத் திருகினால் பட்டை பட்டையாகத் திறக்குமே, அது. வாங்கும்போது அக்காவின் கணவர் கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆனால் வாயில் புரை இல்லை. "சாம்பல் கலர்தான் வேணும். ஊதா கீதான்னு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்று கடைக்காரரிடம் உறுமினார். அக்காவுக்கோ ஊதா என்றால் உயிர். கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தாள். திரை வந்தது. அவர் மூக்கை அதில் வைத்துப் பார்த்து, "சாம்பல்தானே?" என்றார்.

"சாம்பல்தான்."

"நீ சொன்னாச் சரி."*

(*புரை மூடிய கண்ணுக்கு ஊதா சாம்பலாகத் தெரியுமா என்று கேட்பவர்களுக்கு: என் கண்ணில் புரை இருந்தபோது ஊதாக் கம்பளிச் சட்டையைச் சாம்பல் என்று நினைத்து ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டுத் திரிந்தவள் நான். சாட்சி போதுமா?)

3

எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு கலருக்கா இவ்வளவு பாடு? "ஆமா, ஊதா பிடிச்சது, வாங்கினேன்" என்று போட்டு உடைத்தால் கதையும் முடியும், நானும் படுப்பேன். அப்படியே எழுதிப் பார்த்தேன். அக்கா என்மேல் பாய்ந்தாள்:

"உங்களுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவீங்க. இத்தனை வருஷமா அவருக்குப் பேப்பர் வாசிச்சது நான். மாத்திரை எடுத்துக் குடுத்தது நான். வந்தவங்க சிரிச்சாங்களா, முறைச்சாங்களான்னு சொன்னதுகூட நான்தான். எல்லாத்துக்கும் 'நீ சொன்னாச் சரி'ம்பார். இந்த ஒண்ணு பொய்னு தெரிஞ்சா, மத்ததெல்லாம்?"

(மற்றதில் ஏதாவது…

"ஒண்ணும் கிடையாது!"

கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்ததால் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.)

4

காலையில் கொழுந்தன் வந்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அக்காவுக்குத் திடீர்த் தலைவலி. தலைவலிக்கு மருந்தாகத் தங்கை ஸ்ப்ரே டப்பாவோடு வந்தாள்.

"கழட்டி, தரையில விரிச்சு அடிக்கணும்னு டப்பாவுல போட்டிருக்குக்கா."

"கழட்டினா திருப்பி மாட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப தொங்கவிட்டே அடி."

பட்டைகளை இறுக மூடி, கண்ணாடிக்கு முன்னால் பழைய பேப்பரைச் செருகி, உஸ்ஸ்ஸ் என்று அடித்தார்கள்.

"ரொம்பக் கிட்டப் போகாதே, ஒழுகுது பாரு!"

"துடைச்சிடலாம்."

"துடைச்சா ஊதா எட்டிப் பாக்குதுடி, பாவி!"

ஒருவழியாக ஜன்னல் மழைக்கால வானம் மாதிரி ஆயிற்று. "இதுதான்க்கா சாம்பல். அத்தான் அசந்துடுவார்" என்று தங்கை அழகு பார்க்கக் கோலைக் கொஞ்சம் திருகினாள். பட்டைகள் ஒன்றையொன்று விட மனமில்லாமல் பிசுக் பிசுக்கென்று பிரிந்தன. ஒவ்வொரு பட்டையிலும் மேல்பட்டை மறைத்திருந்த விளிம்பு அப்படியே ஊதா. முதுகுப்பக்கம் சுத்த ஊதா. ஜன்னல் மொத்தமும் வரிபோட்ட பைஜாமா.

"மூடுடி!"

"மூடிட்டேன், மூடிட்டேன்."

"இனிமே இதைத் திறக்கவே கூடாது."

"கண்ணு கிடைச்ச மனுஷனுக்கு ஜன்னலை மூடி வைக்கப் போறியா?"

டப்பாவைக் குலுக்கினாள் அக்கா. காற்றுதான் வந்தது. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

5

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியவர் முதலில் பார்த்தது ஜன்னலை அல்ல, அக்காவை.

"மூக்குல என்ன ஒட்டியிருக்கு?"

"தூசி."

"என்ன நாத்தம் இது?"

"கொசு மருந்து அத்தான்" என்றாள் தங்கை. (பொய்யில் இவள் அக்காவை மிஞ்சிவிடுவாள். தனிக்கதை எழுதலாம்.)

அவர் நடந்துபோய்த் திரையின் முன் நின்றார். மூக்கை வைக்கவில்லை. இப்போது தேவையில்லையே. ஆனாலும் அக்காவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"சாம்பல்தானே?"

கண் வந்த பிறகும் கேட்கிறார் பாருங்கள். இந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. அவராகக் கேட்டார்.

"சாம்பல்தான்" என்றாள் அக்கா. முதல்முறையாக அது உண்மை.

"நீ சொன்னாச் சரி. திற, தெருவைப் பாக்கணும்."

6

அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று முடிக்கலாம். கதைகளில் கணவன்மார்களுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். வீட்டில் எந்தக் கணவனுக்கு எது முன்னாலே தெரிந்திருக்கிறது? அவள் அழ, அவர் தலையைத் தடவ… "சீ, எடுங்க அந்தக் கையை" என்கிறாள் அக்கா, என்னிடம்.

இன்னொரு முடிவைத் தங்கை அவள் காதில் ஓதுகிறாள்: "ஒட்டிக்கிச்சு, திறக்க வராதுன்னு சொல்லிடுக்கா."

"அவர் தெருவைப் பாக்க வேணாமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா கோலைப் பிடிக்கிறாள். அதன்பின் பேசவில்லை. தங்கையும் பேசவில்லை. அவரும் பேசாமல் காத்திருக்கிறார்.

எனக்கு இங்கேதான் சிக்கல். பேச்சு நின்றால் எனக்கு எதுவும் தெரியாது. நான் காதால் எழுதுகிறவள். முகத்தை மாட்டியவர் நீங்கள், அது இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். இந்தாருங்கள், கோலை நீங்களே பிடியுங்கள். பார்த்துத் திருகுங்கள், பெயின்ட் இன்னும் ஈரம்.