மெட்டி இல்லாத கால்

“அதப் போடக் கூடாது அத்தை. எடுத்துட்டுப் போங்க.”

சுகன்யா அம்மாவின் கால்மாட்டில் குத்தவைத்து, ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெருமாள்மலையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய இருளாயி அத்தை, வழியில் வாங்கிய வெள்ளி மெட்டிகளை ரோஸ் தாளிலிருந்து பிரித்தபடி நின்றாள்.

“என்ன பேச்சுடி இது? எங்க மதினி பூவும் பொட்டுமாப் போறவ. வெறுங்காலோடயா அனுப்புறது?”

“அந்த மெட்டிதான் அம்மாவக் கொன்னுச்சு.”

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் அழுகை நின்றுவிட்டது.

அம்மா சண்முகவள்ளிக்குச் சர்க்கரை நோய். ஆவணியில் பூண்டுக் காட்டில் கல் கீறி, வலது காலில் மெட்டி போட்ட விரல் புண்ணானது. விரல் வீங்க வீங்க மெட்டி சதைக்குள் புதைந்தது. ஊர் நர்ஸ் கழற்றச் சொன்னாள். நாயுடுபுரத்து டாக்டரும் சொன்னார். வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்ட சுகன்யா, தினமும் போனில் கத்தினாள். எல்லோருக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: “பாப்பம்.” மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கால் மெட்டிகளையும் எடுத்தார்கள்; வலது கால் மெட்டியை வெட்டி எடுத்தபோது விரல் கறுத்திருந்தது. விஷம் ரத்தத்தில் ஏறி நாலாம் நாள் போய்விட்டாள்.

‘மெட்டிதான் பெருசுன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாத’ என்று கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் சுகன்யா. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வீம்பு பிடித்த பொம்பளை. காலைத் துடைக்கும்போதும் அப்படித்தான் நினைத்தாள்.

“முப்பத்தி நாலு வருசம் போட்டுருந்தா. கழட்ட மனசு வருமா?” என்றாள் அத்தை.

“அவ கழட்டத்தான் சொன்னா.”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். நேற்றிலிருந்து திருமலைச்சாமி பேசிய முதல் வார்த்தை அது.

“புரட்டாசியில ஒருநா வெள்ளனே, கட்டிங் பிளேயர எடுத்துட்டு வந்து எங்கிட்ட நீட்டுனா. வலி தாங்கல, நீங்களே வெட்டி விட்ருங்கன்னு சொன்னா.”

சுகன்யாவின் கை நின்றது. “நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் உசுரோட இருக்கும்போதேவான்னு கேட்டேன்.”

வெளியே சாவு மேளக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கய்யா செத்தன்னைக்கு எங்காத்தா கால்ல மெட்டியக் கழட்டுனத நான் பாத்துருக்கேன். அது மனசுல கெடந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லல. பிளேயரக் கொண்டுபோய் வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.”

“கழட்டுனா ஒங்க உசுருக்கு ஒண்ணு ஆயிரும்னு பயந்துட்டீங்க,” என்றாள் சுகன்யா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?” சுகன்யா எழுந்து நின்று கத்தினாள். “ரெண்டு மாசமா நான் அம்மாவப் போய் வஞ்சுக்கிட்டு இருந்தேனே! பக்கத்துலதான உக்காந்துருந்தீங்க? ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? வீம்புக்காரின்னு சொன்னேன், கிறுக்கின்னு சொன்னேன். அப்பவும் ஒரு வார்த்த ஒங்களச் சொல்லலயே அம்மா!”

“ஏடி, பெத்த தகப்பன்டி. சனம் பாக்குது,” அத்தை அவள் தோளை அழுத்தினாள்.

“பாக்கட்டும்.”

அப்பா மெல்ல உள்ளே வந்தார். அத்தையிடம் கையை நீட்டினார். “குடு இருளாயி. நானே போட்டு விட்டுர்றேன்.”

சுகன்யா சட்டென்று கீழே உட்கார்ந்து, அம்மாவின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டாள்.

“தொடாதீங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் திரும்பி வெளியே போனார். அத்தை மெட்டிகளைத் தாளில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். சண்முகவள்ளியை வெறுங்காலோடுதான் தூக்கினார்கள். எதிரே பத்தடி தெரியாத மூடுபனியில் மேளச் சத்தம் மட்டும் வெகு நேரம் கேட்டது.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். அப்பா ஈர வேட்டியோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

“சுகன்யா, அப்பாவுக்குத் தல தொவட்டத் துண்டு குடும்மா,” என்றாள் அத்தை.

அவள் உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவள் அதை நாற்காலிக் கைப்பிடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.