தைக்காத துணி

எங்கள் அலுவலகத்தில் துணி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். ஆகையால் அதில் நடந்த கூத்துக்கும் நானே பொறுப்பு. சைகோனில் து யோ தெருவில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி; நான் அங்கே தட்டச்சு செய்பவள். பெண்கள் மொத்தம் பதினோரு பேர். தெத் புத்தாண்டு நெருங்கினால் ஊரே புதுத் துணிக்கு அலையும். பட்டு விலையோ வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பழசாகிப் போன உடை உனக்குப் புதுசுதானே என்று ஒரு நாள் மதியத் தூக்க நேரத்தில் வாயை விட்டேன். மறு வாரமே கோப்பறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு விரிப்பு விரித்துவிட்டார்கள்.

விதி போடுவதில் எனக்குத் தனி ருசி. மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டினேன். துவைத்து இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். யார் கொடுத்தது என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கவே கூடாது. எல்லாரும் முந்தின நாளே பொட்டலமாகக் கட்டி என்னிடம் தந்துவிடுவார்கள். நான் பிரித்து மேசையில் அடுக்குவேன். பிறகு சீட்டு எடுத்து, எண் வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். முதல் வருஷம் முதலாளி வீட்டம்மா அனுப்பிய இறகு வைத்த தொப்பியை யாரும் சீந்தவில்லை. கடைசிச் சீட்டு எனக்கு விழுந்ததால் அதை நான்தான் சுமந்துகொண்டு வீடு போனேன்.

மூன்றாவது தடவை, 1962 ஜனவரியில், என் கூறைப் புடவையை வைத்தேன்.

காரணம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கணவர் கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எழுத்தர். ஐம்பத்தாறில் பட்டாளம் இங்கிருந்து கப்பலேறியபோது அவரை அல்ஜீரியாவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும். 'இந்த வருஷம் கட்டாயம் வந்துவிடுவேன், ரோசாலி' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவேன். ஐந்து அட்டைகள் வந்தன. இந்த ஜனவரியில் வரவில்லை. முதல் வாரம் தபால்காரரைத் திட்டினேன், அடுத்த வாரம் பிரெஞ்சு அரசாங்கத்தை. மூன்றாவது வாரம் திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனது. பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். காத்திருந்தது போதும் என்று எனக்கே நான் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

காரைக்கால் மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த புடவை அது. அரக்குச் சிவப்புப் பட்டு, கையகலச் சரிகை. மடித்து வைத்தால் பார்ப்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். டெலிபோன் பலகையில் உட்காரும் மாதலேன் மேசை அடுக்க எனக்கு ஒத்தாசைக்கு வந்தாள். அவளும் காரைக்கால்தான். பொட்டலத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"என்னக்கா இது, கூறைல்ல?"

"புடவை."

"மச்சான் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வரட்டும், சொல்லிக்கிறேன்."

"எடுத்து உள்ள வச்சிருங்கக்கா. இன்னும் யாரும் பாக்கல."

"கதவுல ஒட்டியிருக்கிறதப் படி."

அவள் படிக்கவில்லை. "எனக்கு ஒண்ணாம் நம்பர் விழுந்தா நானே எடுத்து வச்சிக்கிறேன். கோவம் ஆறின பொறவு வந்து வாங்கிக்கங்க" என்றாள். அவளுக்கு எட்டு விழுந்தது. ஒன்று, பில் போடும் பிரிவில் இருந்த லியென் என்ற வியட்நாமியப் பெண்ணுக்குப் போனது. இருபத்திரண்டு வயது, யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். அவள் நேராகப் புடவையிடம் போனாள். மடிப்பைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் கைதட்டினேன். எனக்குத்தான் எவ்வளவு திமிர்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாள்தான் தெரிந்தது. காத்திருப்பதை நான் நிறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கடுகளவும் குறையவில்லை. புடவை மட்டும்தான் போயிருந்தது. நாளைக்கே அவர் வந்து நின்றால் எதைக் கட்டிக்கொண்டு கதவைத் திறப்பேன்? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் ஒரு சிக்லோ ரிக்‌ஷா பிடித்து, சீனர்கள் வாழும் சோலோன் பகுதிக்குப் போனேன். லியெனின் மாமா அங்கே தையல்காரர். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருந்ததிலேயே நல்ல கவுனை எடுத்துப் போயிருந்தேன். 'மன்னித்துக்கொள், அது என்னுடையது, திருப்பிக் கொடுத்துவிடு.' வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்தேன். விதி எழுதியவளே விதியை மீறுகிறாளே என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

கடையில் நீள மேசை முழுக்க என் புடவை விரிந்து கிடந்தது. மாமா சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கத்திரி பக்கத்தில் இருந்தது. இன்னும் வெட்டவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"மதாம், வாங்க" என்று லியென் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பேச்சு பிரெஞ்சில்தான். "ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். தெத் முடிஞ்சு பத்தாம் நாள் எனக்குக் கல்யாணம். சிவப்புப் பட்டு வாங்க வழியில்லாம இருந்தோம். கல்யாணத்துக்குப் புதுத் துணிதான் போடணும்னு அம்மா பிடிவாதமா இருந்தாங்க. பாருங்க, ஒரு தையல் இல்ல, பொத்தான் ஓட்டை இல்ல. யாரோ வாங்கி அப்படியே வச்சிருக்காங்க."

தைக்காத துணி என்றால் உடுத்தாத துணி என்று நினைத்துவிட்டாள். எங்கள் பெண்கள் ஆயுள் முழுக்கத் தைக்காத துணியைத்தான் உடுத்துகிறார்கள் என்பதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். முந்தானைப் பக்கம் குனிந்து பார்த்து, எனக்கும் புரிகிற வியட்நாமிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "இது உடுத்தின துணிம்மா. இங்க ஊக்கு குத்தின ஓட்டை இருக்கு, பாரு. கீழ் ஓரமும் தரையில தேஞ்சிருக்கு. இந்தியக்காரங்க இத இப்படியே சுத்திக் கட்டிக்குவாங்க. சிவப்புன்னா அவங்களுக்கும் கல்யாணத் துணியாத்தான் இருக்கும்."

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த லியெனின் அம்மா எழுந்து வந்தாள். வந்தவள் துணியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பொட்டலம் பிரிக்கிறது நீங்கதானாமே. யாருன்னு கேக்கமாட்டேன், அது உங்க விதின்னு இவ சொல்லியிருக்கா. உடுத்தினதுன்னாலும் பரவாயில்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொண்ணு புருஷனோட நல்லா இருக்காளா? இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. என் பொண்ணு அவளோட பழைய வெள்ளை உடுப்புலயே நிக்கட்டும்."

நான் கேட்காமலே புடவை என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும், அதுவும் பொய்யில்லாத சொல். லியென் என் கையை இன்னும் விடவில்லை. அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. கப்பல்துறையில் அவரை அனுப்பிவைத்த அன்று என் விரல்களும் இப்படித்தான் இருந்தன.

"நல்லா இருக்கா" என்றேன். "அவ புருஷன் அவளை விட்டு ஒரு நாள் இருந்ததில்ல."

அம்மாவின் முகம் தெளிந்தது. மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள். மாமா கத்திரியை எடுத்தார். நான் மேசைப் பக்கம் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வேலை பாக்குறார்?" என்று கேட்டாள்.

"எழுத்தர். ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவார். சப்பாத்தக் கழட்டாம நேரா அடுப்படிக்கு வருவார். சட்டியைத் திறந்து பாத்துட்டு, கைய சுட்டுக்குவார். தினம் சுட்டுக்குவார்."

லியென் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எனக்குப் பின்னால் பட்டு அறுபடும் சத்தம் நீளமாகக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் குறட்டை, அவர் காப்பிக்கு மூன்று சர்க்கரை, என்னைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருஷமாக அவரைப் பற்றி யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பரிதாபப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

"நேத்து ராத்திரி அவருக்கு என்ன சமைச்சாளாம்?" என்று அம்மா கேட்டாள்.

"மீன் குழம்பு" என்றேன். "ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டார்."